522 காட்சிகள்... கார் பார்க்கிங் ஆகாமல் தப்பிய தியேட்டர்கள்!

அரங்கம் தேடி... இந்த வாரம்: கிளீவ்லேண்ட், அமெரிக்கா

கர்னாடக இசை ரசிகர்களுக்கு கிளீவ்லேண்ட் புதிய ஊர் இல்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கும் இந்த நகரத்தில்தான் 1978 முதல் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. ஈஸ்டர் பண்டிகையை ஒட்டி, சென்னையிலிருந்து வித்வான்கள் விமானம் ஏறுவார்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களிலிருந்து பாட்டுப் போட்டிக்காகப் பிள்ளைகள் வந்து குவிவார்கள். பல ஆண்டுகளாக இந்த விழாவுக்கு மேடை கொடுத்துவந்தது கிளீவ்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழகம்.

அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் சாலையின் பெயர் யூக்ளிட் அவென்யூ. அங்கிருந்து மேற்கே சில நிமிடங்கள் நடந்தால், முதல்முறை வருபவர் யாராக இருந்தாலும் ஒரு கணம் நின்று அண்ணாந்து பார்ப்பார்.

நடுச்சாலைக்கு மேலே ஒரு சரவிளக்கு தொங்குகிறது!

பெரிய கல்யாண மண்டபத்தின் கூரையில் தொங்குமே, அதே மாதிரி விளக்கு. ஆனால், இங்கே கூரை கிடையாது. மழையும் பனியும் அதன்மேலேயே விழுகின்றன. விளக்கின் உயரம் மட்டும் 20 அடி. 4,200 படிகங்கள் கோத்திருக்கிறார்கள். சாலையிலிருந்து 44 அடி உயரத்தில் அது மினுங்க, அதன் கீழே பஸ்ஸும் காரும் போய்க்கொண்டிருக்கின்றன.

இந்த இடத்தின் பெயர் பிளேஹவுஸ் ஸ்கொயர். சுற்றிலும் நூறு வயதைத் தாண்டிய ஐந்து தியேட்டர்கள். நியூயார்க்கின் லிங்கன் சென்டருக்கு அடுத்தபடியாக அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நிகழ்கலை வளாகம் என்று இதைச் சொல்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் பேர் வந்து போகிறார்கள்.

ஆனால், 1972-ல் போட்ட கணக்கு வேறு. அந்தக் கணக்கின்படி எல்லாம் நடந்திருந்தால், இவற்றில் இரண்டு தியேட்டர்கள் இருந்த இடத்தில் இன்று கார்கள் நின்றுகொண்டிருக்கும்.

ஒரே வீதி... ஐந்து மாளிகைகள்!

முதல் உலகப்போர் முடிந்த நேரம். எஃகு ஆலைகள், எண்ணெய் வியாபாரம் என்று கிளீவ்லேண்டில் பணம் கொழித்தது. யூக்ளிட் அவென்யூவின் ஒரு பகுதிக்கு 'கோடீஸ்வரர் வரிசை' என்றே பட்டப்பெயர். எண்ணெய் அரசர் ராக்ஃபெல்லரின் வீடும் அங்கேதான் இருந்தது. அந்தச் சாலையில் கடைகளும் ஹோட்டல்களும் வர ஆரம்பித்தன. ஜோசப் லரான்ஜ் என்ற ரியல் எஸ்டேட்காரர், 'இங்கே வரிசையாகத் தியேட்டர்கள் கட்டினால் என்ன?' என்று யோசித்தார்.

யோசனை வேகமாகச் செயலானது. 1921 பிப்ரவரியில் ஸ்டேட், ஒஹாயோ என்று ஒரே மாதத்தில் இரண்டு தியேட்டர்கள் திறந்தன. மார்ச் மாதம் ஹன்னா. ஏப்ரல் 1-ம் தேதி ஆலன். 1922 நவம்பரில் பேலஸ். இரண்டே ஆண்டுகளுக்குள் ஐந்து தியேட்டர்கள்!

ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. ஒஹாயோவும் ஹன்னாவும் நாடகத்துக்கு. ஆலன், மௌனப் படங்களுக்கு. பேலஸில் 'வாட்வில்' என்ற பல்சுவைக் கலைநிகழ்ச்சி. பாட்டு, நடனம், மேஜிக், காமெடி, சர்க்கஸ் வித்தை என்று ஒன்று மாற்றி ஒன்று மேடையேறும். ஸ்டேட்டில் படமும் உண்டு, வாட்வில்லும் உண்டு.

இவற்றில் ஸ்டேட் தியேட்டரின் லாபி தனிக்கதை. அரங்கம் சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. ஆனால், வாசல் யூக்ளிட் அவென்யூவில் இருந்தால்தானே கூட்டம் வரும்? வாசலுக்கும் அரங்கத்துக்கும் நடுவில் இருந்த தூரத்தை அப்படியே லாபியாக மாற்றிவிட்டார் வடிவமைத்த தாமஸ் லாம்ப். அதன் நீளம் 320 அடி. உலகிலேயே நீளமான தியேட்டர் லாபி என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

லாபியின் சுவர்களில் ஜேம்ஸ் டாகர்ட்டி என்ற ஓவியர் நான்கு பெரிய ஓவியங்களைத் தீட்டினார். நான்கும் நான்கு கண்டங்கள். அதில் அமெரிக்காவுக்கு அவர் கொடுத்த அடையாளம் என்ன தெரியுமா? சினிமா! 1921-ல், படங்கள் பேசத் தொடங்காத காலத்திலேயே அந்த ஓவியர் அப்படி முடிவு செய்திருந்தார்.

டிக்கெட் வாங்கிய தொழிலாளியும் பளிங்குப் படியில் ஏறிப் போகலாம். சரவிளக்குக்குக் கீழே நிற்கலாம். படம் சுமாராக இருந்தாலும் இரண்டு மணி நேரம் மாளிகையில் இருந்துவிட்டு வந்த திருப்தி நிச்சயம்.

எல்லோரும் கிளம்பிப் போனார்கள்

1950-ல் கிளீவ்லேண்டின் மக்கள்தொகை 9,14,808. அதுதான் உச்சம். அதன்பிறகு இறங்குமுகம்தான். 2020 கணக்கெடுப்பில் 3,72,624 பேர். எழுபது ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் குறைந்துவிட்டார்கள்.

என்ன ஆனது? கார் வாங்க முடிந்தவர்கள் புறநகருக்குப் போனார்கள். அங்கே தோட்டத்தோடு வீடு. வீட்டு ஹாலில் டி.வி. பக்கத்திலேயே ஷாப்பிங் சென்டர், அதற்குள்ளேயே தியேட்டர். படம் பார்க்க இருபது மைல் காரோட்டி வந்து, நிறுத்த இடம் தேடி அலைய வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. இன்னொரு பக்கம் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. நகரத்துக்குள் இனப் பதற்றமும் இருந்தது. 1966-ல் ஹஃப் என்ற பகுதியில் கலவரம் வெடித்தது. 'ராத்திரியில் டவுன் பக்கம் போகாதே' என்பது வீடுகளில் சொல்லப்படும் புத்திமதி ஆனது.

தியேட்டர்கள் தளர்ந்தன. ஒஹாயோ தியேட்டரின் லாபியை 1964-ல் தீ விபத்து சிதைத்தது. 1968-ல் ஆலன் மூடப்பட்டது. 1969 பிப்ரவரியில் ஸ்டேட்டும் ஒஹாயோவும் சேர்ந்து மூடின. அந்த ஜூன் மாதம், கிளீவ்லேண்டின் கயஹோகா ஆற்றில் மிதந்த எண்ணெய்க் கழிவு பற்றி எரிந்து, 'ஆறு தீப்பிடித்த ஊர்' என்று நகரத்தின் பெயர் நாடெங்கும் கெட்டது. ஜூலையில் பேலஸும் கதவைச் சாத்திவிட்டது.

ஐந்தில் நான்கு போயாகிவிட்டது. நாடகத்துக்காகக் கட்டிய ஹன்னா மட்டும் தம்கட்டி ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டம் நடத்த இடம் தேடியவர்

1970 பிப்ரவரி. ரே ஷெப்பர்ட்சன் என்ற இளைஞர், கிளீவ்லேண்ட் கல்வி வாரியத்தில் வேலை பார்த்துவந்தார். ஆசிரியர்களுக்கு ஒரு கூட்டம் நடத்த வேண்டும், பெரிய இடமாக வேண்டும். தேடிக்கொண்டு போனவர் பூட்டிக்கிடந்த ஸ்டேட் தியேட்டருக்குள் நுழைந்தார்.

உள்ளே இருட்டு. ஆள் நடமாட்டம் நின்றுபோன கட்டடத்தின் வாடை. ஆனால், அந்த 320 அடி லாபி அப்படியே இருந்தது. ஓவியங்களும் இருந்தன. சினிமாவை அமெரிக்காவின் அடையாளமாகக் காட்டிய அந்த ஓவியத்தின் படம், அதே மாதக் கடைசியில் 'லைஃப்' இதழில் வெளியானது. நாடே பார்த்த ஓவியம், உள்ளூரில் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தது.

ஷெப்பர்ட்சன் கட்டடக் கலைஞர் இல்லை. நாடகக்காரரும் இல்லை. கையில் பணமும் இல்லை. ஆனாலும், பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினார். அந்த ஆண்டே 'பிளேஹவுஸ் ஸ்கொயர் அசோசியேஷன்' தொடங்கப்பட்டது. 1971 நவம்பரில் ஆலன் தியேட்டரைத் திறந்து, ஹங்கேரியிலிருந்து வந்த புடாபெஸ்ட் இசைக்குழுவின் கச்சேரியை நடத்தினார்கள். கிளீவ்லேண்டில் ஹங்கேரியிலிருந்து குடியேறியவர்கள் ஏராளம். அரங்கம் நிறைந்தது. 'டவுனுக்கு யாரும் வர மாட்டார்கள்' என்ற பேச்சுக்கு முதல் பதில் அது.

ஒரே ஒரு நாள் நிரம்பினால் போதுமா? போதவில்லை. 1972-ல் ஸ்டேட், ஒஹாயோ தியேட்டர்களை இடித்துவிட்டு கார் நிறுத்துமிடம் ஆக்கும் திட்டம் வந்தது. உரிமையாளர் தரப்பில் பார்த்தால் அதில் நியாயமில்லை என்று சொல்லிவிட முடியாது. பூட்டிக்கிடக்கும் கட்டடத்துக்கும் வரி கட்ட வேண்டும், காவல் போட வேண்டும். கார் நிறுத்தினாலோ தினமும் காசு.

இந்த நேரத்தில்தான், ஜூனியர் லீக் என்ற பெண்கள் சேவை அமைப்பு 25,000 டாலர் தந்தது. தியேட்டர்களைச் சீரமைக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது கொசுறு. ஆனால், ஊரில் மதிப்புள்ள குடும்பத்துப் பெண்கள் தங்கள் பெயரை முன்வைத்து நின்றதும் மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். இடிப்பது தள்ளிப்போனது. ஷெப்பர்ட்சனுக்கு அப்போது தேவைப்பட்டதும் அதுதான்... கொஞ்சம் அவகாசம்.

லாபியில் போட்ட மேஜைகள்

அவகாசம் கிடைத்தது. அதை வைத்து என்ன செய்வது? 3,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கத்தைச் சரிசெய்யப் பணம் இல்லை. ஆனால், நீளமான லாபி நல்ல நிலையில் இருக்கிறதே!

1973 ஏப்ரலில், ஸ்டேட் தியேட்டரின் லாபியில் மேஜை நாற்காலிகளைப் போட்டார்கள். ஒரு சின்ன மேடை. 'ஜாக் பிரெல் இஸ் அலைவ் அண்ட் வெல் அண்ட் லிவிங் இன் பாரிஸ்' என்ற இசை நிகழ்ச்சி. பெல்ஜியம் பாடகர் ஜாக் பிரெலின் பாடல்களை நான்கு பாடகர்கள் பாடி நடிப்பார்கள். பெரிய செட் கிடையாது. கூட்டமான நடிகர் பட்டாளம் கிடையாது. பார்க்க வந்தவர்கள் மேஜையில் உட்கார்ந்து, குடிக்க ஏதாவது வாங்கி வைத்துக்கொண்டு ரசிக்கலாம்.

சில வாரங்கள் ஓடினால் போதும் என்று நினைத்துத் தொடங்கினார்கள். 1975 கோடைவரை ஓடியது. மொத்தம் 522 காட்சிகள்! கிளீவ்லேண்ட் வரலாற்றில் அதுவரை எந்த நிகழ்ச்சியும் அவ்வளவு நாள் ஓடியதில்லை.

கவனித்துப் பார்த்தால், அந்த இரண்டு ஆண்டுகளில் கட்டடத்தின் உள் அரங்கம் பெரிதாக மாறிவிடவில்லை. மாறியது ஊர்க்காரர்களின் பழக்கம். பத்து வருடங்களாக டவுனுக்கு இரவில் வராதவர்கள் வந்தார்கள். காரை நிறுத்தினார்கள், பாட்டு கேட்டார்கள், பத்திரமாக வீடு திரும்பினார்கள். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார்கள். அவரும் வந்தார். 'பழைய பெருமையைக் காப்போம்' என்று எத்தனை கூட்டம் போட்டிருந்தாலும் இது நடந்திருக்காது. வாசலில் விளக்கு எரிவதைத் தினமும் பார்த்த ஊர், அந்தக் கட்டடம் உயிரோடு இருக்கிறது என்று நம்ப ஆரம்பித்தது.

அந்த நம்பிக்கைக்குப் பின்னால்தான் அரசாங்கப் பணம் வந்தது. 1977-ல் கயஹோகா கவுன்ட்டி நிர்வாகம் ஸ்டேட், ஒஹாயோ தியேட்டர்கள் இருந்த கட்டடத்தை வாங்கியது. 1978-ல் அவை தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் ஏறின.

அதே 1978 டிசம்பரில் கிளீவ்லேண்ட் மாநகரம் வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் கைவிரித்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1930-களின் பெருமந்தத்துக்குப் பிறகு அமெரிக்காவின் பெருநகரம் ஒன்றுக்கு அப்படி ஒரு நிலை வந்தது அதுவே முதல்முறை. கடன்கார ஊருக்குத் தியேட்டர் அவசியமா என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. அந்தக் கேள்விக்குத் தியேட்டர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

தப்பிக்காத இரண்டு

இதே யூக்ளிட் அவென்யூவில் ஸ்டில்மேன் என்று ஒரு தியேட்டர் இருந்தது. பிளேஹவுஸ் ஸ்கொயரின் ஐந்து தியேட்டர்களுக்கும் மூத்தது. 1963-ல் அதை இடித்து, அடுக்குமாடி கார் நிறுத்துமிடம் கட்டினார்கள்.

இன்னொன்று, ஹிப்போட்ரோம். 1907 டிசம்பரில் திறந்தது. மிகப் பெரிய மேடை. ஆபரா, நாடகம், வாட்வில், கடைசியில் சினிமா என்று எல்லாவற்றையும் பார்த்த இடம். பக்கத்தில் ஸ்டேட்டும் ஒஹாயோவும் காப்பாற்றப்பட்டு, வேலை நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1981-ல் ஹிப்போட்ரோம் இடிக்கப்பட்டது. அங்கேயும் கார்தான் நிறுத்தினார்கள்.

ஒரே சாலை, ஒரே ஊர், ஒரே மாதிரி அழகு. ஒன்று தப்பித்தது, இன்னொன்று தப்பிக்கவில்லை. பழையது என்பதாலோ, அழகானது என்பதாலோ எந்தக் கட்டடமும் தானாகப் பிழைப்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பூச்சு உதிர்ந்த கூரையும் புது மேடையும்

பழைய தியேட்டரைப் புதுப்பிப்பது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது போன்ற வேலை இல்லை. குளிர்காலத்தில் உறைபனி கொட்டும் ஊர் இது. ஹீட்டரை நிறுத்திவிட்டால் சுவருக்குள் ஈரம் இறங்கும், உறையும், உருகும். கூரை ஒழுகினால் முதலில் போவது பிளாஸ்டர் வேலைப்பாடுதான். பூவும் கொடியுமாக இருந்த அலங்காரம் சுண்ணாம்புத் தூளாகக் கொட்டும். இப்படிப்பட்ட இடங்களில், கொட்டாமல் மிஞ்சிய ஒரு துண்டிலிருந்து அச்சு எடுத்து, அதேபோல புதிதாக வார்த்து ஒட்டுவார்கள். பொறுமையும் பணமும் தின்னும் வேலை.

1982 ஜூலையில் ஒஹாயோ திறந்தது. 1984-ல் ஸ்டேட். 1988-ல் பேலஸ். 1998-ல் ஆலன். தம்கட்டி ஓடிய ஹன்னாவும் பின்னாளில் மூச்சுவாங்கி நின்றுபோனது. அதையும் 1999-ல் பிளேஹவுஸ் ஸ்கொயர் அமைப்பே வாங்கி, 2008-ல் 'கிரேட் லேக்ஸ் தியேட்டர்' நாடகக் குழுவின் வீடாக்கியது. 1964 தீயில் கருகிய ஒஹாயோவின் லாபி பழைய அழகோடு திரும்பியது 2016-ல்தான். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு வேலை!

கிரேட் லேக்ஸ் குழுவைப் பற்றி ஒரு சின்னத் தகவல். எழுபதுகளின் கடைசியில் கிளீவ்லேண்டின் புறநகரான லேக்வுட்டில் இவர்கள் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் போட்டுக்கொண்டிருந்தபோது, கல்லூரியிலிருந்து ஒரு இளைஞர் வந்து சேர்ந்தார். மேடைக்குப் பின்னால் வேலை பார்த்தார், கிடைத்த வேஷத்தில் நடித்தார். அவர் பெயர் டாம் ஹாங்க்ஸ்.

தியேட்டர்கள் திறந்தன. ஆனால், எல்லாம் சினிமா தியேட்டர்களாகத் திறக்கவில்லை. படத்துக்கும் வாட்வில்லுக்கும் என்று கட்டிய இடத்தில் பெரிய ஆபராவும் பாலே நடனமும் நடத்துவது கஷ்டம். அதனால் ஸ்டேட்டுக்குப் பின்னால் புதிதாகப் பெரிய மேடைப் பகுதியைக் கட்டிச் சேர்த்தார்கள். 3,000 சீட் கொண்ட ஆலன் நாடகத்துக்கு மிகப் பெரிது. எனவே, சுமார் 500 சீட்டாகச் சுருக்கி, 1915-ல் தொடங்கிய 'கிளீவ்லேண்ட் பிளே ஹவுஸ்' நாடகக் குழுவுக்குக் கொடுத்தார்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் நாடக மாணவர்களும் இந்த இடத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

இழப்பும் உண்டு. ஸ்டேட் தியேட்டரின் புது மேடையில் ஆடிய பாலே நிறுவனம், கிளீவ்லேண்டில் கட்டுப்படியாகாமல் 2000-ம் ஆண்டு கலிஃபோர்னியாவின் சான் ஹோசேவுக்கே குடிபோய்விட்டது. மேடை நிலைத்தாலும் அதில் ஆடியவர்கள் நிலைக்கவில்லை.

டிக்கெட் பணம் மட்டும் போதுமா?

போதாது என்பதை பிளேஹவுஸ் ஸ்கொயர்காரர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள். பெரிய கூட்டத்துக்கு, நியூயார்க்கின் பிராட்வே நாடகங்கள் ஊர் ஊராகச் செல்லும்போது இங்கே வந்து தங்கி நடத்துகின்றன. குடும்பத்தோடு ஆண்டுச் சந்தா கட்டி, வரும் நாடகங்களை எல்லாம் பார்க்கிறவர்கள் பல்லாயிரம் பேர். ஆனாலும், ஒரு சீசன் நஷ்டமானால் என்ன செய்வது?

அதற்காகத் தியேட்டர்களைச் சுற்றியிருந்த கட்டடங்களையும் இந்த அமைப்பு ஒவ்வொன்றாக வாங்கியது. அலுவலகங்களை வாடகைக்கு விட்டது. ஹோட்டல் வரவும் வழிசெய்தது. பொதுத் தொலைக்காட்சி, வானொலி நிலையங்களும் இந்தத் தெருவுக்கே குடிவந்தன. 2020-ல் 'லூமன்' என்ற 34 மாடிக் குடியிருப்பு எழுந்தது. 318 வீடுகள்.

கோயிலுக்கு நிலம் எழுதிவைத்ததுபோல என்று வைத்துக்கொள்ளலாம். வாடகை வருமானம் தியேட்டர்களுக்குத் துணை நிற்கிறது. தெருவில் ஆட்கள் வசிப்பதால் ராத்திரியிலும் ஹோட்டல்கள் திறந்திருக்கின்றன, நடந்து போக பயமில்லை. வேடிக்கை என்னவென்றால், லூமன் கட்டடத்திலும் கார் நிறுத்த அடுக்குகள் உண்டு. தியேட்டரை விழுங்கப் பார்த்த பார்க்கிங், கடைசியில் தியேட்டரின் தெருவிலேயே ஒரு ஓரமாக உட்கார வேண்டியதாயிற்று!

வருமானத்தோடு உழைப்பும் சேர்கிறது. டிக்கெட்டைப் பார்த்து சீட் காட்டுவதற்குச் சிவப்பு கோட் போட்ட தன்னார்வலர்கள் நிற்பார்கள். 'ரெட்கோட்ஸ்' என்றே அவர்களுக்குப் பெயர்.

இந்த வீதிக்கு வெளியே...

கிளீவ்லேண்டின் மேடைகள் பிளேஹவுஸ் ஸ்கொயரோடு முடிந்துவிடவில்லை.

நகரின் கிழக்கே, 'கராமு ஹவுஸ்'. 1915-ல் ரஸல் ஜெலிஃப், ரொவீனா ஜெலிஃப் என்ற தம்பதி தொடங்கிய இடம். எல்லா இனத்துப் பிள்ளைகளும் ஒன்றாக வந்து விளையாடவும் நடிக்கவும் கதவைத் திறந்துவைத்தார்கள். 'கராமு' என்பது சுவாஹிலி மொழிச் சொல். மகிழ்ச்சியாகக் கூடும் இடம் என்று அர்த்தம். கிளீவ்லேண்டில் படித்த கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் இங்கே வளர்ந்தவர்தான். அமெரிக்காவின் மிகப் பழைய ஆப்பிரிக்க அமெரிக்க நாடக அரங்கம் என்ற பெருமை இதற்கு உண்டு. பளிங்கு லாபி கிடையாது. ஆனால், டவுனின் மாளிகைகள் இருட்டாகக் கிடந்த ஆண்டுகளையும் இது தாண்டிவந்தது.

அடுத்து, செவரன்ஸ் ஹால். உலகப் புகழ்பெற்ற கிளீவ்லேண்ட் ஆர்க்கெஸ்ட்ராவின் அரங்கம். இதைக் கட்டப் பணம் கொடுத்தவர் ஜான் செவரன்ஸ் என்ற செல்வந்தர். கட்டட வேலை தொடங்குவதற்கு முன்பே, 1929-ல் அவர் மனைவி எலிசபெத் இறந்துபோனார். 1931-ல் திறந்த அரங்கத்தை மனைவியின் நினைவாக ஊருக்குக் கொடுத்தார் செவரன்ஸ்.

சினிமாவுக்கும் இடம் மிச்சமிருக்கிறது. புறநகரான கிளீவ்லேண்ட் ஹைட்ஸில் 1925 கிறிஸ்துமஸ் அன்று திறந்த 'சீடர் லீ' தியேட்டர், சின்ன பட்ஜெட் படங்களுக்கும் வெளிநாட்டுப் படங்களுக்கும் ஊரில் வீடாக இருந்துவருகிறது. 1977-ல் கிளீவ்லேண்ட் சர்வதேசத் திரைப்பட விழா பிறந்ததும் அங்கேதான்.

சினிமா திரும்பிய நாள்

அந்தத் திரைப்பட விழா வளர்ந்தது. 1991-ல் டவுனில் இருந்த ஒரு மல்டிபிளெக்ஸுக்கு மாறியது. முப்பது ஆண்டுகள் கழித்து, மறுபடியும் இடம் மாற வேண்டிய கட்டாயம். விழா தேர்ந்தெடுத்த புது இடம், பிளேஹவுஸ் ஸ்கொயர்!

கொரோனாவால் 2021 விழா ஆன்லைனில் மட்டும் நடந்தது. 2022 வசந்தத்தில் ரசிகர்கள் நேரில் வந்தார்கள். சினிமா ஓடாது என்று 1969-ல் பூட்டிய அதே வளாகத்தில் மறுபடியும் திரை விரிந்தது. பல நாடுகளின் படங்கள் ஓடின.

இதையெல்லாம் தொடங்கிவைத்த ரே ஷெப்பர்ட்சன் அப்போது இல்லை. கிளீவ்லேண்ட் தியேட்டர்கள் எழுந்து நிற்க ஆரம்பித்த பிறகு அவர் அங்கிருந்து கிளம்பி, அமெரிக்காவின் வேறு நகரங்களில் பூட்டிக்கிடந்த தியேட்டர்களைத் திறக்கப் போய்விட்டார். 2014 ஏப்ரலில் காலமானார். அடுத்த மாதம் 2-ம் தேதி, யூக்ளிட் அவென்யூவின் நடுவே அந்தச் சரவிளக்கு முதல்முறையாக எரிந்தது. அவர் பார்க்கவில்லை.

அடுத்த முறை யாராவது தியாகராஜ ஆராதனைக்காகக் கிளீவ்லேண்ட் போனால், கச்சேரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் ஒதுக்கி, யூக்ளிட் அவென்யூவில் மேற்கே நடந்து பார்க்கலாம். சரவிளக்கைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். ஸ்டேட் தியேட்டரில் அன்றைக்கு ஏதாவது நிகழ்ச்சி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் டிக்கெட் வாங்கி உள்ளே போங்கள்.

522 முறை, மேஜைகளில் உட்கார்ந்து பாட்டு கேட்டவர்களும் டிக்கெட் வாங்கிக்கொண்டு அந்த லாபிக்குள் போனவர்கள்தான்.